களரியைச் சுற்றி இருந்தவர்கள்

நாடகம் போடுவோர் எல்லோரிடத்தும் ஒரு முறைப்பாடு உண்டு. சனம் வருவதில்லை என்பதே அது. மண்டபத்துக்கு வாடகை கட்டி, ஒலிபெருக்கிக்குக் காசு கொடுத்து, சுவரெங்கும் விளம்பரம் ஒட்டி, அழைப்பிதழும் அனுப்பிய பின்னர், முன்வரிசைக் கதிரைகள் பிரமுகர்களுக்காகக் காத்திருக்கப் பின்வரிசைகள் வெறுமையாய்க் கிடக்கும். உடனே பழி சினிமாவின் தலையிலும், தொலைக்காட்சியின் தலையிலும், இக்காலத்திற் கைத்தொலைபேசியின் தலையிலும் ஏற்றப்படும். அதில் உண்மையே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் இம்முறைப்பாட்டைக் கேட்குந்தோறும் வேறொரு வினா நம் நெஞ்சில் எழுகின்றது. விளம்பரமும் நுழைவுச்சீட்டும் இல்லாத காலத்தில், ஓர் ஊர் முழுவதும் பாயும் போர்வையுமாய் வந்திருந்து, விடியும்வரை விழித்துக் கூத்துப் பார்த்ததே. அந்தச் சனம் எங்கிருந்து வந்தது?

வந்தது என்பதிலும் பார்க்க, ஆக்கப்பட்டது என்பதே பொருத்தமாகும். மட்டக்களப்புக் கிராமங்களில் வடமோடி, தென்மோடிக் கூத்துக்கள் பழக்கப்பட்ட முறையைச் சற்று உற்று நோக்கினால் இது விளங்கும். பேராசிரியர் சி. மௌனகுரு அவர்களைப் போன்றோர் இம்முறையை விரிவாக ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். மாணவர்கள் அவற்றைத் தேடிப் படித்தல் நன்று. இங்கே நாம் சொல்லப் புகுவது அம்முறையில் ஒரு பக்கத்தை மட்டுமே. அதாவது ஆடுவோரைப் பற்றியன்று, பார்ப்போரைப் பற்றி.

ஓர் ஊரார் கூத்துப் போட எண்ணினால் முதலிற் பெரியவர்கள் கூடிப் பேசுவர். எந்தக் கதையை ஆடுவது, எந்த அண்ணாவியாரை அழைப்பது, எவருக்கு எந்த வேடம் என்பவை ஊரின் பேச்சாகும். அண்ணாவியார் இளைஞரின் குரலையும் உடற்கட்டையும் பார்த்து வேடத்தைத் தீர்மானிப்பார். பின்னர் ஒரு நல்ல நாளில் 'சட்டங் கொடுத்தல்' நடைபெறும். ஒவ்வொருவரும் பாடவேண்டிய பகுதியை எழுதி, முறைப்படி அவர் கையிற் கொடுக்கும் சடங்கு அது. நாடகப் பிரதியை ஒருவர் கையில் வெறுமனே நீட்டிவிடுவதற்கும், ஊரார் கூடிநிற்கத் தாம்பூலத்தோடு கொடுப்பதற்கும் வேற்றுமை உண்டன்றோ? அன்று சட்டம் பெற்றவன் தன் ஆசிரியருக்கு மட்டுமன்றி ஊருக்கே வாக்குக் கொடுத்தவனாகிறான்.

அதன் பின்னர் மாதக்கணக்கில் இரவு தோறும் பழக்கம் நடக்கும். வயல் வேலை முடிந்து, இராச் சாப்பாடும் முடிந்து இளைஞர்கள் வந்து சேர்வர். நாம் வாசகர்களின் கவனத்தை விசேடமாக இவ்விடத்துக்கு அழைக்க விரும்புகின்றோம். அப்பழக்கம் கதவடைத்த அறைக்குள் நடப்பதன்று. வெட்டவெளியில், எவரும் வந்து பார்க்கத்தக்க இடத்தில் நடக்கும். மத்தளம் ஒலித்தால் அயல் முழுவதற்கும் கேட்கும். கிழவர்கள் வந்திருந்து, முந்திய தலைமுறையில் இதே வேடத்தை இன்னார் எப்படி ஆடினார் என்று பேசுவர். சிறுவர்கள் தாளக்கட்டை வாயால் உருப்போட்டுக்கொண்டு மறுநாள் ஒழுங்கையிலே ஆடிக் காட்டுவர். இவ்வாறு, கூத்து அரங்கேறுவதற்கு முன்னரே அதன் தருக்கள் ஊரின் வாயில் இருக்கும். பாட்டுத் தெரிந்தவனே பாட்டின் பிழையையும் அறிவான். பிழையை அறிந்தவனே சரியாய்ப் பாடியபோது மகிழவும் அறிவான். இரசிகன் என்பவன் இப்படித்தான் உருவாகின்றான்.

ஆட்டம் ஓரளவு கைவந்ததும் சதங்கை அணியும் விழா நடைபெறும். அதுவரை வெறுங்காலோடு ஆடியவர்கள் அன்று முதன்முதலாகக் காலிற் சதங்கை கட்டுவர். அதற்குப் பின் 'அடுக்குப் பார்த்தல்.' முழுக் கூத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை, வேட உடையின்றி ஆடிப் பார்ப்பது இது. இக்காலத்து நாடகக்காரர் இறுதி ஒத்திகையைப் பிறர் கண்ணிற் படாமற் காப்பாற்றுவதே திறமையென்று கருதுகின்றனர். பழைய அண்ணாவிமாரோ அதனை ஊர் நடுவே நடத்தினர். ஒளித்துவைத்து வியக்கவைப்பது அவர்களுடைய நோக்கமன்று. ஊர் ஒருமுறை பார்த்ததை மீண்டும் பார்க்க வரும் என்ற நம்பிக்கை அவர்களுக்கு இருந்தது. தேரோட்டத்தைப் பார்க்க ஆண்டு தோறும் போகிறோமே, தேர் எந்தப் பக்கம் போகுமென்று தெரியாமலா போகிறோம்?

அரங்கேற்ற இரவில் வட்டக்களரி எழும். மண்ணை மேடாக்கி, சுற்றிலும் கம்பங்கள் நட்டு, வெள்ளை கட்டி, மாவிலையும் குருத்தோலையும் தொங்கவிட்டு அமைப்பர். நடுவே அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்பார். அருகே சல்லாரிக்காரரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பர். ஆடுவோர் அவர்களைச் சுற்றி ஆடுவர். பார்ப்போர் நாற்புறமும் இருப்பர். ஆகவே ஒரு பக்கத்தில் இருப்பவர் மன்னனின் முகத்தைப் பார்க்கும்பொழுது, அவனுக்கு அப்பால் மறுபக்கத்தில் இருக்கும் தம் அயலவரின் முகத்தையும் பார்ப்பர். அயலவர் கண் கலங்குவதும் தெரியும். தூங்கி விழுவதும் தெரியும். மண்டபத்து இருட்டிலே முன்னால் இருப்பவரின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு இப்பேறு இல்லை.

வடமோடி மன்னனின் கரப்புடுப்பு இலேசானதன்று. முடியும் புயக்கிரீடமும் சேர்ந்து அவன் தோளிற் பெருஞ் சுமையாகும். அச்சுமையோடு ஆடிக் களைத்தவனைப் பார்த்து அவனுடைய மைத்துனன் ஒருவன் ஆரவாரம் செய்வான். உறவினர் பரிசு கொடுப்பர். வெடி கொளுத்துவாரும் உண்டு. கலையைக் கலையாகப் பார்க்கவேண்டும் என்று நூல்களிற் படித்தவர்களுக்கு இது குழப்பமாய்த் தோன்றலாம். நமக்கு அப்படித் தோன்றவில்லை. களரியில் நிற்பவன் கர்ணனாகவும் அதே வேளையில் கந்தையாவின் மகனாகவும் இருப்பதை அச்சனம் எவ்விதச் சங்கடமுமின்றி ஏற்றுக்கொண்டது. கர்ணன் விழும்போது அழுதது; விடிந்ததும் கந்தையாவின் மகனுக்குக் கோப்பி கொடுத்தது.

இத்தகைய கூத்தைத்தான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டு சென்றார். 1956இல் சரச்சந்திரர் 'மனமே' என்னும் சிங்கள நாடகத்தால், மரபு வழி ஆடலும் பாடலும் படித்தவர் மேடையிலும் வெற்றி பெறும் என்பதைக் காட்டியிருந்தார். அவ்வழியிற் சிந்தித்த வித்தியானந்தன் 1962இற் 'கர்ணன் போர்' கூத்தை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். அதன் பின் 'நொண்டி நாடகம்,' 'இராவணேசன்,' 'வாலிவதை' என்பன வந்தன. விடிய விடிய நடந்தது ஓரிரு மணித்தியாலமாகச் சுருங்கியது. வட்டக்களரி படச்சட்ட மேடையாயிற்று. பட்டிக்காட்டு ஆட்டமென்று முகஞ் சுளித்த படித்த தமிழர், கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் மண்டபத்தில் அமர்ந்து அதனைப் பார்த்தனர். அவர் செய்தது மிகப் பெரிய தொண்டு. அது நடவாதிருந்தால் இன்று பாடசாலைகளிலே கூத்து என்ற சொல்லே வழங்காது என்பது நமது துணிபு.

எனினும் வரவோடு செலவையும் எழுதுவதே கணக்கு. கூத்து புதிய மேடைக்கு வந்தபோது அண்ணாவியார் வந்தார், மத்தளம் வந்தது, தரு வந்தது, ஆட்டம் வந்தது. வராமல் நின்றது ஊர். சட்டங் கொடுத்தலைக் கண்டு, பழக்கத்தைக் கேட்டு, அடுக்குப் பார்த்து வளர்ந்த சனத்துக்குப் பதிலாக, அன்று மாலை மட்டும் வந்து பார்த்துக் கைதட்டிப் போகும் சபை வந்தது. வித்தியானந்தன் மீது இதிற் குறை சொல்ல இடமில்லை. பல்கலைக்கழக மண்டபத்துக்குள் ஊரைக் கொண்டுவருதல் எவராலும் இயலாது. ஆயின் அவருக்குப் பின் வந்தவர்களிற் பலர் அவர் அமைத்த மேடையை மட்டும் பின்பற்றினரேயன்றி, அவர் ஊரூராய்ச் சென்று அண்ணாவிமாரைத் தேடிய வழியைப் பின்பற்றவில்லை.

பழைய களரியைப் பொற்காலமாக வருணித்துவிட்டுப் போவதும் நமது நோக்கமன்று. பெண் வேடத்தை ஆண்களே ஆடினர். பெண்கள் உடுப்புக்குச் சீலை கொடுத்தனர், விடியும்வரை இருந்து பார்த்தனர், தருக்களையும் மனத்தில் வைத்திருந்தனர், களரியில் ஏறவில்லை. சாதி வேலியும் களரியைச் சுற்றி இருந்தது. ஊர் என்று நாம் சொல்லும்போது அந்த ஊருக்குள் யார் யார் அடங்கினர் என்று கேட்கும் உரிமை இளைஞருக்கு உண்டு.

அவ்வாறு கேட்டவர்களும் இருந்தனர். 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடந்ததை அடுத்த ஆண்டுகளில், என். கே. ரகுநாதனின் 'கந்தன் கருணை'யை அம்பலத்தாடிகள் என்ற குழுவினர் கூத்து வடிவிலே ஆடினர். மௌனகுருவின் 'சங்காரம்' வடமோடி ஆட்டத்தைக் கொண்டே சமூக ஏற்றத்தாழ்வைப் பேசிற்று. பழைய மெட்டிற் புதிய வழக்கு! பழக்கப்பட்ட ஆட்டத்தையும் தாளத்தையும் எதிர்பார்த்து வந்தவர், கோயில் வாசலில் மறிக்கப்பட்டவனின் நியாயத்தையும் கேட்டுச் சென்றனர். 1985இற் குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய 'மண் சுமந்த மேனியர்' யாழ்ப்பாணத்துக் கிராமங்களுக்குச் சென்றபோது, சனம் வருவதில்லை என்ற முறைப்பாடு எழவில்லை. மேடையிற் பேசப்பட்டது அந்நாளில் ஒவ்வொரு வீட்டிலும் நிகழ்ந்துகொண்டிருந்த துயரம். சனம் நாடகத்தைத் தேடி வருவதற்கு முன், நாடகம் சனத்தைத் தேடிப் போயிருந்தது.

கீழ்மாகாணத்தில், மட்டக்களப்பு நகருக்கு அண்மையிலுள்ள சீலாமுனையிலே, கலாநிதி சி. ஜெயசங்கரும் அவருடன் சேர்ந்தோரும் கூத்தை அவ்வூர் மக்களோடு இருந்தே மீளுருவாக்க முயன்றதும் குறிப்பிடத்தக்கது. கதையிற் பெண்ணை இழிவாகக் கூறும் இடம் வந்தால் அதை என்ன செய்வது என்று ஆடுவோரும் அண்ணாவியாரும் ஊராரும் இருந்து பேசி முடிவுசெய்வது அம்முறை. சுருக்குவதையும் மாற்றுவதையும் நகரத்து அறிஞர் ஒருவர் தீர்மானித்து ஊருக்கு அனுப்புவதிலும் இது கடினம், தாமதம் மிகுந்தது, சண்டைக்கும் இடந்தருவது. ஆனால் அச்சண்டையில் ஈடுபட்டவர் எவரும் அரங்கேற்றத்துக்கு வராமல் இருக்கமாட்டார்.

இனிப் பாடசாலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்த்தினப் போட்டிகளில் நாட்டுக்கூத்து ஒரு பிரிவாக இருப்பது மகிழ்ச்சிக்குரியது. போட்டி நெருங்கும்போது ஆசிரியர்களும் பிள்ளைகளும் படும் பாட்டை நாம் அறிவோம். ஆனால் நடப்பது என்ன? பிள்ளைகள் மண்டபத்துக்குள்ளே பழகுகின்றனர். பின்னர் வாகனத்தில் ஏறி வேறோர் ஊருக்குச் சென்று, மூன்று நடுவர்களுக்கு முன்னே குறித்த நிமிடத்துக்குள் ஆடிவிட்டு, வெற்றிக்கேடயத்தோடோ வெறுங்கையோடோ திரும்புகின்றனர். வாடகைக்கு எடுத்த உடுப்பு மறுநாளே திரும்பிப் போய்விடுகிறது. அப்பிள்ளையின் பாட்டியார் பேரன் ஆடியதைக் கண்டதில்லை. அவரோ அதே தருவைத் தம் சிறு வயதிற் கேட்டவராக இருக்கக்கூடும். அதிற் பிழை சொல்லவும் வல்லவராக இருக்கக்கூடும்.

இதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. வாரத்தில் ஒரு நாளாவது பழக்கத்தைப் பாடசாலை முற்றத்தில், மாலையிலே, பெற்றார் வந்து பார்க்கும்படி வைக்கலாம். போட்டிக்கு முந்திய வாரத்தில் ஊரவரை அழைத்து அடுக்குப் பார்க்கலாம். அவ்வூரில் ஓர் அண்ணாவியாரோ, கூத்தாடிய முதியவரோ இருந்தால் அவருக்கு முதற் கதிரையைக் கொடுக்கலாம். பிரமுகர் சற்றுத் தள்ளி இருக்கட்டும்.

போட்டி முடிந்த பின்னரும் ஒன்று இருக்கின்றது. பழைய கூத்து அரங்கேற்றத்தோடு முடிந்ததில்லை. அடுத்து வரும் நாட்களில் ஆடியோர் உடுப்புக்களை அணிந்துகொண்டு, மத்தளக்காரரோடும் அண்ணாவியாரோடும் வீட்டுக்கு வீடு சென்று முற்றத்திலே சிறிது நேரம் ஆடுவர். வீட்டார் இயன்றதைக் கொடுப்பர். படுக்கையிற் கிடந்த நோயாளியும், கைக்குழந்தையோடு களரிக்கு வரமுடியாமற் போன தாயும் அன்று தம் வாசலிலேயே கூத்தைக் கண்டனர். வருகின்ற தமிழ்த்தினம் முடிந்ததும் எந்தப் பாடசாலையாவது தன் பிள்ளைகளைச் சதங்கையோடு நாலு ஒழுங்கைகளுக்கு அனுப்புமாயின், அச்செய்தியை இப்பகுதிக்கு எழுதி அனுப்புமாறு வேண்டுகின்றோம். வெற்றிக்கேடயம் கிடைத்ததா என்பதை எழுதவேண்டியதில்லை.