ஆக்சிமீட்டர் 98 காட்டினால் பீடி பிடிக்கலாமா?

கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் இன்னும் பல வீடுகளில் கிடக்கிறது. மணப்பட்டு பக்கம் டீக்கடை பெஞ்சில் பீடியும் கையுமாக இருக்கும் பெரியவரிடம் “விட்டுடுங்க” என்று சொல்லிப் பாருங்கள். “விரலை வச்சுப் பார்த்தாச்சு தம்பி, 98 காட்டுது” என்று பதில் வந்தால் ஆச்சரியமில்லை.

புகைப்பவர் விஷயத்தில் அந்த 98-ஐ நம்பக் கூடாது.

ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின். நாலு சீட் உள்ள வண்டி மாதிரி வைத்துக்கொள்ளலாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக அந்த சீட்டைப் பிடித்துக்கொள்ளும். அதோடு விடுவதில்லை. பக்கத்து சீட்டில் இருக்கும் ஆக்சிஜனையும் இறங்க வேண்டிய இடத்தில் எளிதில் இறங்க விடாது. இதயத்துக்கும் தசைக்கும் போக வேண்டியது வண்டியிலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

வீட்டு ஆக்சிமீட்டர் விரலுக்குள் ஒளியைச் செலுத்தி, சீட் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கிறது. உட்கார்ந்திருப்பது யார் என்று அதற்குத் தெரியாது. புகைக்காதவர் ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபின் பொதுவாக 2 சதவீதத்துக்குள் இருக்கும். புகைப்பவருக்கு 3 முதல் 8; விடாமல் ஊதுபவருக்கு 10-ஐயும் தாண்டும். அதையும் ஆக்சிஜன் கணக்கிலேயே சேர்த்து மெஷின் 98 என்கிறது.

“பீடி வெறும் இலைதானே” என்பது இன்னொரு நம்பிக்கை. அந்த இலையில்தான் வினையே. சிகரெட் காகிதம் போல அதில் காற்று புகாது. அணையாமல் இருக்க அடிக்கடி, இழுத்து இழுத்துப் பிடிக்க வேண்டும். அதனால் சிகரெட்டைவிட அதிக கார்பன் மோனாக்சைடு உள்ளே போகிறது.

ஊதிப் பார்த்து இந்த வாயுவை அளக்கும் சிறு கருவி இருக்கிறது. பாகூர், வில்லியனூர் கொம்யூன் சுகாதார நிலையங்களில் முதலில் வாங்கி வைக்க வேண்டியது அதைத்தான். புற்றுநோய்ப் படத்தைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன கண்ணுக்கு, தன் மூச்சிலிருந்தே வரும் நம்பர் உறைக்கும். அது சீக்கிரம் இறங்கவும் செய்யும். புகையை நிறுத்தினால் 4, 5 மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தில் உள்ள கார்பன் மோனாக்சைடு பாதியாகக் குறையும். ஓரிரு நாளில் புகைக்காதவர் அளவுக்கு வந்துவிடும். கெட்டுப்போன நுரையீரல் அப்படித் திரும்பாது, அது வேறு கணக்கு.

விட நினைப்பவர்கள் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம். தேட வேண்டியதில்லை, பீடிக் கட்டின் மேலேயே அச்சிட்டிருக்கும்.