துண்டுபட்ட மான் சுருள்

எழுத்தும் சித்திரமும் ஒரே தாளில் சமமாய் வாழ்தல் அரிது; ஒன்று முந்தின் மற்றது வெறும் அலங்காரமாகும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜப்பான் தேசத்துக் கியோட்டோ நகரில் அவ்வரிய இணக்கம் கைகூடிற்று. தவாரயா சோதாட்சு என்னும் ஓவியர் பொன்னாலும் வெள்ளியாலும் நெடுந்தாளில் மான்களைத் தீட்டினார். ஹொனாமி கோயெட்சு (1558-1637) என்பார் அவற்றின்மீதே ‘ஷின் கோகின்ஷூ’ என்னும் பழந்தொகையின் இலையுதிர்காலக் கவிகளை வரைந்தார். மை செறிந்தும் மெலிந்தும் ஓட, மான்கள் கூடியும் பிரிந்தும் செல்லும்.

20-ஆம் நூற்றாண்டில் இச்சுருள் துண்டிக்கப்பட்டது. ஒரு பெரும்பகுதி அமெரிக்காவின் சியாட்டில் கலைக்கூடத்தில் உள்ளது. எஞ்சியது பல துண்டுகளாய்ப் பலர் கைப்பட்டது.

பலரும் ஆளுக்கொரு துண்டு பெற்றனரே, அதனாற் கேடென்ன எனச் சிலர் வினவலாம். துண்டுகள் ஒவ்வொன்றும் அழகியனவே. ஆயினும், அவ்விருவர் கைப்பட்ட நாரைச் சுருள் 13 மீட்டருக்கு மேல் நீண்டு கியோட்டோ தேசீய அருங்காட்சிசாலையில் இருக்கின்றது. அதில் நாரைகள் கரையினின்று எழுந்து, அலைகடந்து, மீண்டும் இறங்குகின்றன. அப்பயணத்தைத் துண்டில் எங்ஙனம் காண்பது? தாளைக் கூறிடலாம், பயணத்தைக் கூறிட இயலாது. கலைப்பொருளை விலைக்குக் கொண்டவர் அதன் காவலரேயன்றி, அதனை அறுக்கும் உரிமையுடையார் அல்லர் என்பதே எமது துணிபு.