பாடசாலைச் சிறுவர் கோரிக்கையும் நிலமுடையோர் கடமையும்

பகலுணவில் கீரையும் சிறுதானியமும் சேர்க்கவேண்டும், விளையாட்டு நேரத்தைக் கணக்குப் பாடத்திற்கு எடுத்துக்கொள்ளலாகாது என்று மாணவர் கேட்பதுண்டு. "பிள்ளைகளுக்கு இவ்வளவு வாய் ஏன்?" என்று வெகுளும் பெரியோரும் நம்மிடையே உளர். இக்கோரிக்கை உபாத்தியாயரை நோக்கியதாகத் தோன்றினும், அதனை நிறைவேற்றும் சக்தி பெரிதும் நிலமுடையோரிடத்தும் கிராம அதிகாரிகளிடத்துமே இருக்கின்றதென்பது எமது அபிப்பிராயம்.

1920-ல் சென்னை நகரசபை ஆயிரம் விளக்குப் பாடசாலையில் தொடங்கிய பகலுணவு, காமராசர் ஆட்சியில் 1956-ல் கிராமங்களுக்குப் பரவி, 1982-ல் சத்துணவாகவும், 2022-ல் காலையுணவாகவும் விரிந்தது. வயிறு நிறைந்தபின் பிள்ளைகள் சத்தைக் கேட்பதில் தவறென்ன? 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் அதே எடைக்குச் சுமார் 10 மில்லிகிராமே. கேழ்வரகு விளைந்த புன்செய்களை வேறு பயிர்களுக்கு மாற்றியவர்கள் நாமல்லவா? வரப்போரத்தில் நான்கு முருங்கையும், வாய்க்காலோரத்தில் ஒரு பாத்தி தண்டுக்கீரையும் பாடசாலைக்கென விடுவதால் எவருக்கும் பெருநஷ்டம் நேராது. அன்று காலையில் பறித்ததைச் சத்துணவு அமைப்பாளரிடம் ஒப்படைத்தல் நலம். பூச்சிமருந்து தெளித்த கீரையை அனுப்புவது தானமாகாது. அதனினும் அனுப்பாமை மேல்.

கிராமத்துப் பிள்ளை ஓடியாடி உழைக்கின்றான், அவனுக்குத் தேகப்பயிற்சி எதற்கு என்பர் சிலர். ஏற்றம் இறைத்த நாளில் அவ்வாதம் ஒருவாறு பொருந்தியிருக்கலாம். இன்றோ மின்சாரம் நீர் இறைக்கின்றது. பாடசாலை வண்டி வாயிலில் வந்து நிற்கின்றது. மாலைப்பொழுதைக் கைப்பேசி விழுங்குகின்றது. அன்றியும், வயல்வேலையால் களைப்பதும் விருப்பத்துடன் விளையாடுவதும் ஒன்றல்ல. 5 முதல் 17 வயது வரையுள்ளோர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிஷ உடலுழைப்பு வேண்டுமென்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் யோசனை.

அதற்கு இடம் வேண்டாமோ? 2009-ஆம் வருஷத்துக் கல்வியுரிமைச் சட்டம் பாடசாலைக்கு விளையாட்டு மைதானம் அவசியமென விதிக்கின்றது. நம் ஊர்களிலோ அறுவடைக் காலத்தில் நெல் உலர்த்தும் களமாகவும், முகூர்த்த நாட்களில் பந்தலிடமாகவும், மற்றைய நாட்களில் டிராக்டர் நிறுத்துமிடமாகவும் அம்மைதானம் பயன்படுவதைக் காண்கிறோம். ஓரத்து வேலி ஆண்டுக்கு ஒரு முழம் உள்ளே நகர்வதும் புதுமையன்று. கிராம நிர்வாக அலுவலர் நில அளவரை வரவழைத்து, புலப்படத்தின்படி எல்லையை அளந்து கல் நடச் செய்யலாம். உலர்களம் வேண்டுமென்பது நியாயமே. அதற்கு வேறிடம் கிராம சபையில் கேட்டுப் பெறுவதே முறை. அளந்து மீட்கும் மைதானத்தில் ஒரு பகுதி பெண் பிள்ளைகளுக்கெனத் தனியே ஒதுக்கப்படவேண்டும்; இல்லையேல் அவர்கள் வழக்கம்போல் ஓரத்தில் நின்று பார்த்திருக்க நேரிடும்.