மூன்றாவது ஓட்டையில் ஆரோக்கியமா?

உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டை ஒரு நிமிஷம் பாருங்கள். மூன்று ஓட்டைகள். கீழே இருக்கும் இரண்டில் ஒன்றில் கரன்ட் வருகிறது. இன்னொன்றில் திரும்பிப் போகிறது. மேலே கொஞ்சம் பெரிதாக ஒன்று இருக்கிறதே, அதுதான் எர்த். கிரைண்டரிலோ ஹீட்டரிலோ கரன்ட் கசிந்தால் அது உங்கள் உடம்பு வழியாகப் போகாமல் பூமிக்குள் இறங்கட்டும் என்று வைத்திருக்கும் வழி. உயிர் காக்கும் ஓட்டை.

இப்போது அந்த ஓட்டைக்கு இன்னொரு வேலையும் கொடுத்திருக்கிறார்கள். ‘எர்த்திங் மேட்’, ‘கிரவுண்டிங் பெட்ஷீட்’ என்று ஆன்லைனில் விற்கிறார்கள். ஒரு விரிப்பு, அதிலிருந்து ஒரு ஒயர். ஒயரின் நுனியை எர்த் ஓட்டையில் செருகிவிட்டு விரிப்பின் மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அல்லது படுத்துத் தூங்க வேண்டும். பூமியின் எலெக்ட்ரான்கள் உடம்புக்குள் ஏறுமாம். மூட்டு வலி போகுமாம், தூக்கம் வருமாம், பி.பி. இறங்குமாம், சுகர் கட்டுப்படுமாம். விலை சில ஆயிரம்.

காசு செலவழிக்க மனசில்லாதவர்களுக்கு இலவசப் பதிப்பும் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு மண்ணிலும் புல்லிலும் அரை மணி நேரம் நடப்பது. சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை, மேடவாக்கம் என்று எந்தப் பக்கம் காலையில் நடக்கப் போனாலும், கையில் செருப்போடு நடக்கும் ஒருவரையாவது பார்க்கலாம். “எர்த் ஆயிட்டிருக்கேன் சார்” என்பார்.

அவரிடம் எனக்குச் சண்டை இல்லை. ஈரப் புல்லில் நடந்தால் சுகமாகத்தான் இருக்கும். காலையில் எழுந்து, டி.வி.யை அணைத்து, செல்போனை வீட்டில் வைத்துவிட்டு அரை மணி நேரம் நடக்கும் எவருக்கும் உடம்பும் மனசும் கொஞ்சம் தேறும். அதற்கு எலெக்ட்ரானைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை. நடையே போதும். என் சண்டை, சுகமான ஒரு பழக்கத்தை மருந்து என்று சொல்லி விற்பவர்களோடு.

இந்தச் சங்கதி புதிதும் அல்ல. காலைப் பனி படர்ந்த புல்லில் வெறுங்காலோடு நடக்கச் சொன்னவர் 19-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் இருந்த கினைப் என்ற பாதிரியார். அதே நாட்டு அடோல்ஃப் யுஸ்ட் மண் வைத்தியம் பற்றி எழுதிய புத்தகத்தைத் தென்னாப்பிரிக்காவில் படித்த காந்தி, வயிற்றில் ஈர மண் பத்துப் போட்டுக்கொண்டார். கடைசி வரை இயற்கை வைத்தியத்தில் நம்பிக்கை வைத்திருந்தவர் அவர். ஆனால் 1924 ஜனவரியில் குடல்வால் அழற்சி வந்தபோது புனே சசூன் ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சம்மதித்தார். காந்தியே மண் எங்கே நிற்கும், கத்தி எங்கே வேண்டும் என்று பார்த்துக்கொண்டார். நம்மாட்கள் காந்தியைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

இப்போதைய ‘எர்த்திங்’ அமெரிக்காவிலிருந்து வந்தது. கேபிள் டி.வி. தொழிலில் இருந்த கிளின்ட் ஓபர் என்பவர், கேபிளுக்கு எர்த் கொடுப்பதுபோல மனிதனுக்கும் கொடுத்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்தது. 2010-இல் இரண்டு பேருடன் சேர்ந்து புத்தகமே போட்டுவிட்டார்.

இதில் உண்மை எவ்வளவு? தரையைத் தொட்டால் உடம்பின் மின்னழுத்தம் பூமியின் மின்னழுத்தத்தோடு சமமாகும். இது பள்ளிக்கூடப் பாடம். உடம்பில் தேங்கிய நிலைமின்சாரம் ஒரு நொடிக்குள் இறங்கிவிடும். அதோடு கதை முடிந்தது. அந்த எலெக்ட்ரான்கள் ரத்தத்தில் ஓடி வீக்கத்தை ஆற்றுகின்றன, வியாதியை விரட்டுகின்றன என்பது அடுத்த தாண்டல். அந்தத் தாண்டலுக்குத்தான் ஆதாரம் போதவில்லை.

இன்னொரு வேடிக்கை. நிலைமின்சாரம் தேங்குவது வறண்ட குளிர்நாட்டில். கம்பளி விரிப்பில் நடந்துவிட்டுக் கதவுப் பிடியைத் தொட்டால் அங்கே பொறி பறக்கும். நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்கு அது பெரும்பாலும் தானாகவே கசிந்துவிடும். சென்னையின் புழுக்கத்தைத் திட்டித் தீர்க்கிறோமே, அது நம்மைத் தினமும் எர்த் பண்ணிக்கொண்டிருக்கிறது, பில் அனுப்பாமல்!

“ஆராய்ச்சி எல்லாம் வந்திருக்கு சார்” என்பார்கள். வந்திருக்கிறது. 2004-இல் வந்த, அடிக்கடி காட்டப்படும் ஆராய்ச்சி 12 பேரை எட்டு வாரம் எர்த் கொடுத்த படுக்கையில் தூங்க வைத்தது. நன்றாகத் தூங்கினோம் என்றார்கள். எர்த் கொடுக்காத படுக்கையில் படுத்த இன்னொரு கூட்டம் ஒப்பிட்டுப் பார்க்க இல்லை. பிறகு வந்தவற்றில் போலி விரிப்போடு ஒப்பிட்டவையும் உண்டு. ஆனால் பெரும்பாலும் சில பத்துப் பேரை வைத்துச் செய்தவை. 2012-இல் வந்த பெரிய தொகுப்புக் கட்டுரையின் அடியில், அதை எழுதியவர்களில் இருவர் எர்த்திங் ஆராய்ச்சிக்குப் பணம் தரும் கம்பெனியில் சிறு பங்கு வைத்திருப்பவர்கள் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். அதை மறைக்காமல் சொன்னதற்கு அவர்களைப் பாராட்டலாம். விரிப்பை விற்பவர் அந்த வரியை மட்டும் நமக்குச் சொல்வதில்லை.

சரி, ஆராய்ச்சியை விடுங்கள். கண்ணால் பார்ப்போம். வெறுங்கால் மருந்து என்றால், இந்தத் தேசத்தில் மிக ஆரோக்கியமானவர்கள் நாற்று நடும் பெண்களாக இருக்க வேண்டும். காலெல்லாம் சேற்றில், முழு எர்த்திங், நாள் முழுக்க. செங்கல் சூளைத் தொழிலாளிக்கும் உப்பளத்தில் நிற்பவருக்கும் மூட்டு வலி என்றால் என்னவென்றே தெரிந்திருக்கக் கூடாது. அவர்களைப் போய்க் கேளுங்கள். முதுகு வலியும் மூட்டு வலியும் சொல்லுவார்கள். கொக்கிப்புழுவின் குஞ்சு வெறும் பாதத்தின் தோலைத் துளைத்துத்தான் உடம்புக்குள் போகிறது. குடலில் தங்கி ரத்தம் குடித்துச் சோகையைத் தருகிறது. ஏழை வாங்க ஆசைப்பட்ட முதல் மருத்துவச் சாதனம் செருப்பு. அதைக் கழற்றுவதை நாம் வைத்தியம் என்கிறோம்.

இந்தச் சண்டையைத் தீர்க்கும் வழி தாம்பரத்துக்காரர்களுக்கு மற்றவர்களைவிட நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். பீச்சிலிருந்து ரயிலில் வந்தால் தாம்பரத்துக்கு முந்தைய ஸ்டேஷன் பெயர் என்ன? தாம்பரம் சானடோரியம். தினமும் எத்தனை ஆயிரம் பேர் அந்தப் பெயர்ப்பலகையைத் தாண்டிப் போகிறோம்!

1928-இல் அந்தக் காசநோய் விடுதியைத் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பக்கம் இதே மாதிரி விடுதி நடத்தியவர். 1917-இல் கணிதமேதை ராமானுஜன் காசநோய் என்று கருதப்பட்டுச் சில காலம் தங்கியது அவரிடம்தான். திறந்த வெளி, சுத்தமான காற்று, வெயில், ஓய்வு, சத்தான சாப்பாடு. இதுதான் வைத்தியம். அன்றைக்கு இதைவிட நல்லது உலகத்தில் எவரிடமும் இல்லை. 1937-இல் தாம்பரம் விடுதி அரசாங்கத்திடம் வந்தது.

பிறகு மருந்துகள் வந்தன. அப்போது ஒரு கேள்வியும் வந்தது. மருந்து கொடுக்கிறோம், சரி. அதோடு இந்தக் காற்றும் ஓய்வும் விடுதிச் சாப்பாடும் அவசியமா? சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய மையம் ஒன்று, வாலஸ் ஃபாக்ஸ் என்பவரின் தலைமையில் இதைச் சோதித்துப் பார்த்தது. சென்னையின் ஏழை நோயாளிகள் சுமார் 190 பேர். யார் விடுதிக்கு, யார் வீட்டுக்கு என்பதை டாக்டர் தேர்ந்தெடுக்கவில்லை. குலுக்கல் மாதிரி முடிவு செய்தார்கள். இரண்டு பக்கத்துக்கும் ஒரே மருந்துகள், ஒரு வருஷம். ஒரு பக்கம் நல்ல காற்றும் நல்ல சாப்பாடும். இன்னொரு பக்கம் நெரிசலான சின்ன வீடு, குறைந்த சாப்பாடு.

1959-இல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வேலை செய்தது மாத்திரை. உலகம் முழுவதும் காசநோயாளிகளை வீட்டில் வைத்தே குணப்படுத்தலாம் என்ற தைரியம் நம் சென்னையிலிருந்து போனது.

சௌரி முத்து மோசடிக்காரர் இல்லை. நல்ல மனிதர், நல்ல டாக்டர். இயற்கையின் மேல் அவருக்கு இருந்த நம்பிக்கை உண்மையானது. அவ்வளவு பெரிய நம்பிக்கையையே சோதனைக்கு நிறுத்தி, முடிவை ஏற்றுக்கொண்ட ஊர் இது. ஒரு ரப்பர் விரிப்பு மட்டும் சோதனைக்கு நிற்காதா? “இயற்கையைச் சந்தேகப்படலாமா?” என்று கேட்பவர்கள் ஒரு டிக்கெட் எடுத்து சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கட்டும்.

சும்மா நடந்துவிட்டுப் போகட்டுமே, உனக்கென்ன என்று கேட்கலாம். எனக்குப் பயம் ஒரே கூட்டத்தைப் பற்றி. சர்க்கரை நோயாளிகள்.

ஐ.சி.எம்.ஆரும் சென்னையைச் சேர்ந்த ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை. பல வருஷமாகச் சர்க்கரை இருப்பவருக்குப் பாதத்தின் உணர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். முள் குத்தினாலும் தெரியாது. கோயில் பிராகாரத்தில் மத்தியான வெயிலில் சுற்றினால் கால் கொப்பளித்தது தெரியாது. இரண்டு நாள் கழித்து வீக்கத்தையும் நாற்றத்தையும் பார்த்துத்தான் தெரியும். அப்புறம் விரல் போகும். அப்புறம் கால்.

வலி ஒரு காவல்காரன் என்று உலகத்துக்குச் சொன்னதும் நம் பக்கத்து அனுபவம்தான். வேலூர் சி.எம்.சி.க்கு 1946-இல் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளியின் விரல் தானாக அழுகிக் கழன்று விழுவதில்லை, உணர்ச்சி இல்லாததால் படும் காயங்களில்தான் தேய்கிறது என்று கண்டுபிடித்தார். உணர்வற்ற பாதத்துக்கு மெத்தென்ற ரப்பர் செருப்பு வந்தது அப்படித்தான். எம்.சி.ஆர். செருப்பு என்று சர்க்கரை டாக்டர்கள் இன்று எழுதிக் கொடுப்பது அதே ரப்பரைத்தான். வீட்டுக்குள்ளேயும் செருப்புப் போடுங்கள் என்று டாக்டர் சொல்கிறார். பார்க்கில் எட்டுப் போட்டுக் கூழாங்கல்லில் வெறுங்காலோடு நடங்கள், சுகர் இறங்கும் என்று வாட்ஸ்அப் சொல்கிறது. மெத்துச் செருப்பு வாசலில் கிடக்கிறது.

விரிப்பை வாங்கியவருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டு எர்த் ஓட்டைக்குப் பின்னால் உண்மையிலேயே எர்த் இருக்கிறதா? பழைய வீடுகளில் பல இடத்தில் அந்த ஒயர் எங்கேயும் போவதில்லை. எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றியது கட்டிய வருஷத்தோடு சரி. சில இடத்தில் வேலை சுலபமாகட்டும் என்று நியூட்ரலோடு முடிச்சுப் போட்டிருப்பார்கள். எங்கேயோ ஒரு கசிவு, இங்கே எர்த் இல்லை என்றால், அந்த ஒயரின் மறுநுனியில் தூங்குவது நீங்கள். முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் 2015 டிசம்பரில் மூழ்கியதைப் பார்த்தவர்கள் நாம். அந்த விரிப்பின் விலைக்கு ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதியுங்கள். கசிவு வந்தால் சட்டென்று டிரிப் ஆகும் கருவி இல்லையென்றால் பொருத்துங்கள். வீட்டுக்கு வேண்டிய எர்த்திங் இதுதான்.

சட்டமும் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளிட்ட ஒரு நீண்ட பட்டியலில் உள்ள வியாதிகளைக் குணப்படுத்துவதாக மருந்துக்கோ மாய நிவாரணத்துக்கோ விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டமே தடுக்கிறது. எழுபது வருஷத்துக்கும் மேலாக அது புத்தகத்தில் தூங்குகிறது. எந்த விரிப்பும் இல்லாமல், நிம்மதியாக.

மண்ணின் மேல் உண்மையிலேயே அக்கறை இருப்பவர்களுக்கு நம் புறநகரில் வேலை நிறைய இருக்கிறது. தெரு முழுக்க சிமென்ட். பார்க்கில் இன்டர்லாக் கல். வாசலில் நாலடி மண் மிச்சம் இருந்தால் அதிலும் டைல்ஸ். மழைத் தண்ணீர் இறங்க இடம் இல்லாமல் வீட்டுக்குள் வருகிறது. 2021-இல் மாநகராட்சி ஆன தாம்பரத்திடம், ஒவ்வொரு பார்க்கிலும் பாதியையாவது கல் பதிக்காமல் விடுங்கள் என்று கேட்கலாம். அதில் குழந்தைகள் ஓடட்டும். உணர்ச்சியுள்ள கால் இருப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கட்டும்.

சர்க்கரை இருப்பவர்கள் செருப்போடு வாருங்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். ராத்திரி படுக்கப் போகுமுன் ஒரு சின்னக் கண்ணாடியைக் கீழே பிடித்து உள்ளங்காலைப் பாருங்கள். ஆன்லைனில் ஆர்டர் போட வேண்டியதில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியே போதும்.