தவறு செய்ய ஓர் ஆய்வுக்கூடம் வேண்டும்

பி.எஸ்ஸி. கணினி அறிவியல், இரண்டாம் ஆண்டு

‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்பது நம் முன்னோர் மொழி. கணினி வலையமைப்புப் பாடத்தைப் படிக்கும்போதெல்லாம் இப்பழமொழியே என் நினைவுக்கு வருகிறது. ரூட்டர் என்றால் என்ன என்று கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவேன். ரூட்டரைத் தொட்டதுண்டா என்று கேட்டால் தலை குனிவேன்.

நாம் இருக்கும் இடத்தை எண்ணினால் இது வேடிக்கையாகவும் வேதனையாகவும் இருக்கிறது. 2024 செப்டம்பரில் சிஸ்கோ நிறுவனம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலுள்ள ஃப்ளெக்ஸ் ஆலையில் ரூட்டர் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் நோக்கியா நிறுவனம் தொலைத்தொடர்புக் கருவிகளைச் செய்கிறது. விடியற்காலை கம்பெனி பஸ்களில் நம் வீட்டுப் பிள்ளைகளே ஷிப்டுக்குச் செல்கிறார்கள். மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கும் என் அக்கா ஒருநாள் கேட்டாள்: “அந்த போர்டை நாங்க டெஸ்ட் பண்ணி அனுப்புறோம். அது அங்க போயி என்ன வேலை செய்யுதுன்னு நீ படிச்சவதானே, சொல்லேன்!”

என் ரிக்கார்டு நோட்டைப் புரட்டினேன். ‘சோதனை வெற்றி’ என்று பல பக்கங்களில் எழுதியிருந்தேன். அத்தனையும் சென்ற ஆண்டு மாணவி ஒருவரின் நோட்டைப் பார்த்து எழுதியவை. நான் காணாத வெற்றி அது.

இதற்காக ஆசிரியர்களை நான் குறை கூறவில்லை. ஒரு பயிற்சிக்கு நான்கைந்து ரூட்டர்களாவது வேண்டும். ஒரு வகுப்புக்கு எத்தனை வேண்டும் என்று கணக்கிட்டால் எந்த அரசுக் கல்லூரிக்கும் மலைப்பு உண்டாகும். ஆனால் பெட்டி இல்லாமலே ரூட்டரை இயக்கும் வழி இருபது ஆண்டுகளாக இருக்கிறது என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

அவ்வழியின் பெயர் எமுலேட்டர். சிமுலேட்டர் வேறு, எமுலேட்டர் வேறு. சிஸ்கோவின் ‘பாக்கெட் டிரேசர்’ போன்ற சிமுலேட்டர், ரூட்டர் எப்படி நடக்குமோ அப்படி நடித்துக் காட்டும். கூத்தில் ராஜா வேடம் கட்டியவரைப் போல, கற்ற வசனத்துக்கு மேல் அதனால் பேச இயலாது. எமுலேட்டரில் பெட்டி மட்டுமே பொய். உள்ளே ஓடும் மென்பொருள் மெய். 2005-இல் பிரான்சு நாட்டின் கிறிஸ்டோஃப் ஃபிய்யோ ‘டைனமிப்ஸ்’ என்னும் மென்பொருளை எழுதி, சிஸ்கோ ரூட்டரின் உண்மையான இயக்க மென்பொருளைச் சாதாரணக் கணினியில் ஓடச் செய்தார். அதன்மேல் எழுந்ததே ‘ஜிஎன்எஸ்3’. 2010-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் ஒரு வலையமைப்பையே மடிக்கணினிக்குள் அடக்கும் ‘மினிநெட்’டை வெளியிட்டனர்.

விடுமுறையில் ஜிஎன்எஸ்3-இல் நான்கு ரூட்டர்களைச் சதுரமாக இணைத்தேன். ‘எஃப்ஆர்ஆர்’ என்னும் இலவச ரூட்டர் மென்பொருளை அவற்றில் ஓடவிட்டு, ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் பிங் அனுப்பினேன். செய்தி போய்க்கொண்டிருந்த வழியில் இருந்த ரூட்டரை நிறுத்தினேன். பதில் நின்றது. பத்து வினாடி, இருபது, முப்பது. என் பிழையோ என்று கை நடுங்கியது. நாற்பது வினாடி ஆவதற்குள் பதில் மீண்டும் வரத் தொடங்கியது! ஓஎஸ்பிஎஃப் முறையில் அண்டை ரூட்டர்கள் 10 வினாடிக்கு ஒருமுறை ‘ஹலோ’ சொல்லும். 40 வினாடி குரல் கேளாவிட்டால் அந்த ரூட்டர் இல்லை என்று முடிவு கட்டி, மறுவழி காணும். இதைப் பாடமாக முன்பே எழுதியிருக்கிறேன். அன்றுதான் கண்ணால் கண்டேன்.

இதில் பெரிய நன்மை சிக்கனம் அன்று. அஞ்சாமல் தவறு செய்யும் உரிமையே. ஒரகடத்தில் வாகன ஆராய்ச்சி மையம் சோதனைத் தடங்கள் அமைத்திருப்பது எதற்கு? புதிய வண்டியின் குறை நெடுஞ்சாலையில் வெளிப்படக் கூடாது என்பதற்கன்றோ! 2021 அக்டோபர் 4 அன்று பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு கட்டளையால் ஃபேஸ்புக்கும் வாட்ஸ்அப்பும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. வல்லுநர்க்கே சறுக்கும் துறையில், ஒருமுறையும் சறுக்கிப் பாராத நாம் வேலைக்குச் செல்வது எங்ஙனம்?

‘கம்பியைச் சீவி முனை பொருத்தத் திரையில் கற்க முடியுமா?’ என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்வி. கேபிளின் பழுதையும் ஒளியிழையின் மென்மையையும் கைதான் அறியும். அதற்குப் பழைய சுவிட்சு இரண்டும் ஒரு சுருள் கேபிளும் போதும். மற்றொன்றும் கூற வேண்டும்: சிஸ்கோவின் மென்பொருளை உரிமமின்றிக் கைமாற்றுவது முறையன்று. இலவச மென்பொருள் இருக்கையில் அதற்குத் தேவையும் இல்லை.

தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கை, கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று அறிவித்தது. கணினி கைக்கு வருவது பாதி வழியே. ஆகவே துறைப் பேராசிரியர்களிடம் பணிவுடன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன். நம் ஆய்வகக் கணினிகளில் இம்மென்பொருள்களை நிறுவித் தாருங்கள். கணினி இல்லாத தோழர்களுக்காக, கடைசிப் பஸ்ஸைத் தவறவிடாதபடி, மாலையில் ஒரு மணி நேரம் ஆய்வகத்தைத் திறந்து வையுங்கள். ரிக்கார்டு நோட்டில் வெற்றியோடு, அவரவர் செய்த ஒரு தவற்றையும் அதைத் திருத்திய விதத்தையும் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கத்தை யாரும் யாரையும் பார்த்து எழுத முடியாது.

அக்காவுக்கு அன்று விடை சொல்ல இயலவில்லை. விடுமுறையில் அவளை அருகில் அமர்த்தி அந்த நாற்பது வினாடியைக் காட்டினேன். “நின்னுடுச்சே, நின்னுடுச்சே!” என்று பதறியவள், பதில் வந்ததும் சிரித்தாள். அவள் சோதித்து அனுப்பும் போர்டுக்கு உயிர் கொடுப்பதை நம் வகுப்பறை கற்றுத்தர வேண்டும் என்பதே என் அவா.