ஐபி முகவரியை ஊரெல்லாம் எழுதி வைக்காதீர்கள்!

கிளவுடில் ஒரு சர்வரைக் கிளப்ப ஐந்து நிமிடம் போதும். அந்த சர்வருக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று யோசிக்கத்தான் யாருக்கும் ஐந்து நிமிடம் கிடைப்பதில்லை. விளைவு? பெரும்பாலும் இரண்டே வகை ஃபயர்வால் விதிகள். ஒன்று 0.0.0.0/0. அதாவது, "வாங்க, எல்லாரும் வாங்க!" இன்னொன்று, எது எந்த ஆபீசின் முகவரி என்று எழுதினவருக்கே மறந்துபோன நீளமான ஐபி பட்டியல், ஒவ்வொரு விதியிலும் தனித்தனியாக.

முதல் வகையைத் திட்ட நிறைய ஆள் இருக்கிறார்கள். இரண்டாவது வகைதான் பாதுகாப்பு என்று ஒரு நினைப்பு. இல்லவே இல்லை. அதுவும் ஓட்டைதான். என்ன, கொஞ்சம் மெதுவாகத் திறக்கிற ஓட்டை.

எப்படி என்கிறீர்களா? ஒரு கம்பெனிக்கு 12 கிளைகள், கிளைக்கு ஒரு ஐபி முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். அமேசான் கிளவுடில் 40 செக்யூரிட்டி குரூப். ஒவ்வொன்றிலும் 12 முகவரிகளையும் எழுதினால் மொத்தம் 480 வரி. ஒருநாள் ஒரு கிளையை மூடுகிறார்கள். இணைய இணைப்பும் ரத்து. ஆனால் அந்த முகவரி குப்பைக்குப் போகாது. ஐபிவி4 முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான், அவ்வளவு தட்டுப்பாடு. 2024 பிப்ரவரி 1 முதல் அமேசான் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் வசூலிக்கிறது என்றால் பாருங்கள். ஆகவே கிளை விட்ட முகவரி இன்னொருவர் கைக்குப் போகும். 40 இடத்திலும் தேடி அழிக்காதவரை, முகம் தெரியாத அந்த ஆளுக்குக் கம்பெனியின் கதவு திறந்தே இருக்கும். வாடகை வீட்டைக் காலி செய்யும்போது பூட்டை மாற்றாத கதைதான்.

இதற்கு மருந்து ரொம்ப நாளாகவே இருக்கிறது. முகவரிகளை ஒரே இடத்தில் எழுதி, "கிளை அலுவலகங்கள்" என்று பெயர் வைத்து, விதிகளில் அந்தக் குழுவை மட்டும் குறிப்பிடுவது. அமேசானில் 2020 முதல் பயனரே உருவாக்கும் ப்ரீஃபிக்ஸ் லிஸ்ட் உண்டு. கூகுள் கிளவுடில் அட்ரஸ் குரூப், மைக்ரோசாஃப்ட் அஸ்யூர் ஃபயர்வாலில் ஐபி குரூப். பெயர்தான் வேறு, சங்கதி ஒன்றே. கிளை மூடினால் ஒரே ஒரு ஏபிஐ அழைப்பு. 40 குரூப்பிலும் முகவரி காலி.

உடனே கிளம்புவார்கள்: "அதான் ஸ்கிரிப்ட் இருக்கே, ஒரு லூப் போட்டு 40-ஐயும் மாத்திடலாமே!" மாற்றலாம். 23-ஆவது குரூப்பில், அழைப்புகள் அதிகம் என்று ஏபிஐ தடுத்துவிட்டால்? 22 இடத்தில் புதிய பட்டியல், 18 இடத்தில் பழையது. எது எங்கே என்று யாருக்குத் தெரியும்?

அடுத்த புலம்பல், பதிப்பு எண். ப்ரீஃபிக்ஸ் லிஸ்டில் முகவரி சேர்க்கவோ நீக்கவோ அதன் தற்போதைய பதிப்பு எண்ணையும் சேர்த்து அனுப்ப வேண்டும். இடையில் வேறொருவர் மாற்றியிருந்தால் அழைப்பு தோற்கும். இதைத் தொல்லை என்கிறார்கள். தொல்லை இல்லை ஐயா, காவல்! இரண்டு பேர் ஒரே நேரத்தில் கைவைத்து ஒருவர் வேலையை இன்னொருவர் அழிக்காமல் இருக்கத்தான் அது. தப்பாக மாற்றிவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழி இருக்கிறது. 480 வரியைக் கையால் எழுதினவருக்கு அந்த வசதி ஏது?

மூன்றாவது ஆட்சேபணையில் மட்டும் நியாயம் உண்டு. ஒரு செக்யூரிட்டி குரூப்பில் உள்வரும் விதிகள் வழக்கமாக 60 வரைதான். ப்ரீஃபிக்ஸ் லிஸ்டைக் குறிப்பிட்டால் அது ஒரு விதியாக எண்ணப்படாது. உள்ளே எத்தனை முகவரி இருக்கிறது என்பதும் கணக்கில்லை. அதிகபட்சம் எத்தனை என்று அறிவித்தோமோ அத்தனை விதி. "எதிர்காலத்துக்கு இருக்கட்டுமே" என்று 12 முகவரிக்கு 50 என அறிவித்தால், ஒரு போர்ட்டுக்கே 50 போச்சு. அமேசானே தரும் கிளவுட்ஃப்ரண்ட் பட்டியல் 55 விதிகளைத் தின்றுவிடும். மிச்சம் ஐந்து!

இதைக் காட்டித்தான் பலர் 0.0.0.0/0-க்கு ஓடுகிறார்கள். அபத்தம். இடத்தை முன்கூட்டியே ஒதுக்காவிட்டால், பட்டியல் வளரும்போது அதை நம்பியிருக்கும் குரூப்பில் இடமிருக்காது. ஒதுக்கீடு அதற்காகத்தான். 12 முகவரிக்கு 12 என்றே அறிவியுங்கள். மூன்று போர்ட்டுக்கு 36 விதி, தாராளமாக அடங்கும். பிறகு தேவைப்பட்டால் அளவைக் கூட்ட அமேசான் அனுமதிக்கிறது. 60 என்ற வரம்பையும் கேட்டு உயர்த்திக்கொள்ளலாம். கூகுளில் மட்டும் உஷார். அங்கே அட்ரஸ் குரூப்பின் கொள்ளளவை உருவாக்கிய பிறகு மாற்ற முடியாது, முதலிலேயே யோசித்து வைக்க வேண்டும்.

உண்மையான வில்லன் கோட்டா இல்லை. முதல் பாடத்திலேயே "இப்போதைக்கு 0.0.0.0/0 போட்டுக்கோங்க, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லித்தரும் பழக்கம்தான் வில்லன். அந்த "அப்புறம்" வருவதே இல்லை. சர்வரைக் கிளப்பக் கற்றுக்கொடுக்கும் அதே வகுப்பில் முகவரிக் குழு ஒன்றை உருவாக்கவும் கற்றுக்கொடுத்தால் கூடுதலாகப் பத்து நிமிடம் ஆகும். அதற்கே நேரமில்லை என்பவர்கள், 40 குரூப்பில் ஒரு பழைய முகவரியைத் தேட எவ்வளவு நேரம் ஆகும் என்பதையும் மாணவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.