தேய்ந்தது ஸ்விட்ச், தூக்கி எறியப்படுவது உழைப்பு

மவுஸ் எனப்படும் கணினிச் சுட்டியின் இடப்பக்கப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால், கணினி அதை இருமுறை அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது. இழுத்துச் செல்லும் கோப்பு பாதி வழியில் நழுவி விழுகிறது. வங்கியிலும் காப்பீட்டு அலுவலகத்திலும் தரவுப் பதிவுக் கூடத்திலும் பணிபுரிவோர் நன்கறிந்த கோளாறு இது. கொள்முதல் பிரிவிலிருந்து வரும் விடையும் அவர்கள் அறிந்ததே: “பழுது பார்ப்பதைவிடப் புதிது வாங்குவதே மலிவு.” நிறுவனங்கள் இப்படிச் சொல்வதில் வியப்பில்லை. முற்போக்காளர் பலரும் இதை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டிருப்பதுதான் கவலைக்குரியது.

முதலில், பழுதானது எது? பொத்தானுக்கு அடியில் விரல் நகத்தளவே உள்ள ஒரு ஸ்விட்ச் இருக்கிறது. அதனுள் செம்புக் கலப்பு உலோகத்தாலான மெல்லிய வில்தகடு ஒன்று, அழுத்தும்போதெல்லாம் சட்டென்று இடம் மாறி மின் இணைப்பை உண்டாக்குகிறது. இத்தகைய ஸ்விட்சுகள் பலவற்றுக்குத் தயாரிப்பாளர்கள் குறிக்கும் ஆயுள் 1 கோடி அல்லது 2 கோடி அழுத்தங்கள். நாளொன்றுக்கு 5,000 முறை அழுத்தும் ஊழியருக்கு 1 கோடி என்பது 2,000 வேலைநாள்கள். தொடுமுனையில் ஆக்சைடு படலம் படிவதாலும் தகடு தளர்வதாலும் பல ஸ்விட்சுகள் அதற்கு முன்பே தடுமாறத் தொடங்குகின்றன. அந்த நிலையிலும் மின்சுற்றுப் பலகை, ஒளி உணரி, கம்பி, மேலோடு அனைத்தும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கின்றன.

டெல்லி நேரு பிளேசிலோ மும்பை லாமிங்டன் சாலையிலோ சால்டரிங் அயன் பிடிக்கத் தெரிந்த தொழிலாளிக்கு இது சிறு வேலை. மூன்று கால்களின் ஈயப் பற்றை உருக்கி, பழைய ஸ்விட்சை எடுத்துவிட்டுப் புதியதை வைக்க வேண்டும். ஸ்விட்சின் விலை சில பத்து ரூபாய். புதியது கிடைக்காவிட்டால், பயனற்றுக் கிடக்கும் இன்னொரு சுட்டியின் அதிகம் தேயாத வலப்பக்க ஸ்விட்ச் கைகொடுக்கும்.

இந்த எளிய வேலையைக் கடினமாக்குவது வடிவமைப்பு. பெரும்பாலான சுட்டிகளில் திருகாணிகள் அடிப்புறத்தில் ஒட்டப்பட்ட வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே மறைந்திருக்கின்றன. பட்டையைப் பிரித்தால் அது கிழிகிறது. உதிரி ஸ்விட்சைப் பொதுவாக நிறுவனம் விற்பதில்லை. மின்சுற்று வரைபடத்தையும் வெளியிடுவதில்லை. தொழில்நுட்பம் இவ்வளவுதான் இடம் தரும் என்றும் கூற முடியாது. உயர்விலை விளையாட்டுச் சுட்டிகள் சிலவற்றில் ஸ்விட்சைக் கையாலேயே பிடுங்கிச் செருகும் வசதி வந்துவிட்டது. அனைவருக்கும் தரக்கூடியது, கூடுதல் காசு கொடுப்போருக்கான ஆடம்பரமாக விற்கப்படுகிறது.

‘மூலதனம்’ முதல் தொகுதியில் மார்க்ஸ் இயந்திரங்களின் பௌதிகத் தேய்மானத்தையும் தார்மீகத் தேய்மானத்தையும் பிரித்துக் காட்டினார். மலிவான அல்லது மேம்பட்ட புதிய இயந்திரம் வந்ததும், தேயாத பழைய இயந்திரமும் மதிப்பிழப்பதே பின்னது. இங்கு நடப்பது அதனினும் ஒருபடி மேலானது: ஓர் உறுப்பின் பௌதிகத் தேய்மானம், முழுப் பொருளின் மரணமாக ஆக்கப்படுகிறது. இதற்கு முன்னுதாரணம் உண்டு. 1924இல் ஜெனீவாவில் உருவான ஃபீபஸ் கூட்டணியில் உலகின் பெரும் மின்விளக்கு நிறுவனங்கள் சேர்ந்து, விளக்கின் ஆயுளை 1,000 மணி நேரத்துக்குக் குறைத்தன; அதை மீறி நீடித்த விளக்கைத் தயாரித்த உறுப்பினருக்கு அபராதம் விதித்தன. இன்று அத்தகைய ஒப்பந்தம்கூடத் தேவைப்படவில்லை. பசையும் மறைந்த திருகாணியும் அந்த வேலையைச் செய்கின்றன.

‘மலிவு’ யாருக்கு மலிவு? புதிய சுட்டியின் விலைச்சீட்டில், அதைக் கோக்கும் தொழிலாளியின் குறைகூலி தெரிவதில்லை. தூக்கி எறியப்பட்ட மின்கருவிகளை டெல்லி சீலம்பூரில் பாதுகாப்புக் கருவியின்றி உடைத்து, அமிலத்தில் கரைத்து உலோகம் பிரிக்கும் ஏழைகளின் நுரையீரலும் அதில் கணக்கில் வருவதில்லை. ஐ.நா. அமைப்புகளின் அறிக்கைப்படி 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது 22.3 சதவீதமே. விலையின் ஒரு பகுதியை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு, மீதியைக் காட்டி மலிவு என்கிறார்கள்.

ஒன்றிய அரசு என்ன செய்தது? 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமை குறித்துக் குழு அமைத்தது. அவ்வாண்டு டிசம்பரில் இணையவாசல் திறந்தது. வேளாண் கருவிகள், கைபேசிகள், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளே முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டன. உதிரிபாகம் தர மறுக்கும் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் தனிச்சட்டம் அதனால் பிறக்கவில்லை. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளும் தயாரிப்பாளரின் பொறுப்பை முதன்மையாக மறுசுழற்சி அளவைக் கொண்டே அளக்கின்றன. பொருளை உடைத்து உருக்கினால் கணக்கு நேராகிறது; பத்தாண்டு உழைக்கும்படி செய்தால் அதற்கு அங்கே என்ன மதிப்பு?

“இது நடுத்தர வர்க்க நுகர்வோர் பிரச்சினை, பழுதுபார்ப்பு பெருகினால் உற்பத்தித் துறையில் வேலை குறையும்” என்ற ஆட்சேபம் நம் பக்கத்திலிருந்தே எழுவதுண்டு. உற்பத்திக் கூடத்தில் இயந்திரமயமாதல் ஆள்களை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. பழுதுபார்ப்போ ஒவ்வொரு பொருளுக்கும் மனிதக் கையையும் கண்ணையும் கேட்கும் தொழில். மேலும், திறன்மிக்க அந்தத் தொழிலாளர்கள் இன்று முறைசாராத் துறையில், சமூகப் பாதுகாப்பின்றி, உதிரிபாகத்துக்குக் கழிவுக் குவியலைக் கிளறிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுடைய வாழ்வாதாரம் தொழிற்சங்கத்தின் அக்கறைக்கு உரியதில்லையா?

தொடங்குவதற்கு இடம் அருகிலேயே உள்ளது. வங்கி, காப்பீடு, தொலைத்தொடர்பு, அரசு அலுவலகங்கள் சுட்டிகளை மொத்தமாக வாங்குகின்றன. திருகாணி வெளியே தெரியும் வடிவமைப்பு, உதிரி ஸ்விட்ச், மின்சுற்று வரைபடம் ஆகியவற்றை ஒப்பந்தப்புள்ளியின் நிபந்தனைகளாக்குமாறு அங்குள்ள ஊழியர் சங்கங்கள் கோர முடியும். பழுதுபார்ப்புப் பணியை உள்ளூர்த் தொழிலாளர் கூட்டுறவுகளுக்கு நியாயமான கூலியுடன் வழங்கக் கோரலாம். உதிரிபாகம் தர வேண்டிய கடமையைச் சட்டமாக்கும் போராட்டத்துக்கு அது உறுதியான அடித்தளமாகும். வில்தகடு தேய்வதை எவராலும் தடுக்க முடியாது. அதைக் காரணம் காட்டி உழைப்பின் விளைபொருள் முழுவதையும் குப்பையில் எறிவதைத் தடுக்க முடியும்; தடுத்தாக வேண்டும்.